பத்தியம் ஆற்றாத புண்

சர்க்கரை நோயாளியின் காலில் புண் வந்துவிட்டால், வீட்டில் முதலில் மாறுவது அவருடைய சாப்பாட்டுத் தட்டுதான். சர்க்கரை ஏறிவிடும் என்று நான்கு இட்லி இரண்டாகிறது, மதியச் சோறு பாதியாகிறது. அதோடு புண்ணுக்கான பத்தியமும் சேர்ந்துகொள்கிறது. முட்டை சூடு, மீனும் கருவாடும் கரப்பான் பண்டம், பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், கத்தரிக்காய் அரிப்பைக் கிளப்பும், தயிர் ஆகவே ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் ரசம் சாதம், ரவைக் கஞ்சி, ரொட்டி, பிஸ்கட் ஆகியவையே மிஞ்சுகின்றன. எல்லாம் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவைதான். ஆனால் மிஞ்சியதைச் சற்று உற்றுப் பார்த்தால் விபரீதம் புரியும். சர்க்கரையை ஏற்றுகிற மாவுச்சத்து தட்டிலேயே இருக்கிறது. புண்ணை மூடத் தேவையான புரதம்தான் வெளியேறியிருக்கிறது. உணவைக் கொண்டு கால் புண்ணைக் குணப்படுத்திவிட முடியாது. ஆனால் உணவுக் குறைபாடு, மற்ற எல்லாச் சிகிச்சையையும் தாமதப்படுத்தக்கூடிய ஒரு தடை. அந்தத் தடையை நம் வீடுகளில் நாமே உண்டாக்குகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இது சிலருக்கு மட்டும் உரிய கவலை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. தேசிய அளவு 11.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒரு முறையாவது கால் புண்ணைச் சந்திக்க நேரலாம் என்கின்றன மருத்துவ மதிப்பீடுகள். ஆறிய புண்ணும் நிம்மதி தருவதில்லை. பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடியும் புண் வருகிறது. இதன் வேர் நரம்பில் இருக்கிறது. பாதம் மரத்துப்போனவருக்குச் செருப்பு கடிப்பதும் தெரியாது, முள் குத்துவதும் தெரியாது. வலி தெரியாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருப்பார். இந்த உண்மையை உலகுக்கு அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளியின் பாதம் அழிவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவது என்று நம்பப்பட்ட காலத்தில், வலி உணர்வு போனதும் ஓயாத அழுத்தமும்தான் காரணம் என்று அவர் காட்டினார். பின்னர் அமெரிக்கா சென்றபோது, பாதத்தோடு பொருந்தும் மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரவலாக்கும் முறையைச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் கொண்டுசென்றார். இன்றும் பாதத்தின் அடியில் வரும் புண்ணுக்கு அழுத்தத்தை நீக்குவதே முதல் சிகிச்சை. காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பது, செத்த சதையை வெட்டி எடுப்பது, தொற்றை அடக்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவை உடன் வருபவை. உணவைப் பற்றி இனிச் சொல்லப்போவதெல்லாம் இவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை. ரத்தக் குழாய் அடைத்துக் கிடக்கும் காலை எத்தனை முட்டை சாப்பிட்டாலும் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் உணவு எங்கே வருகிறது? புண் ஆறுவது என்பது உடம்புக்குள் நடக்கும் உற்பத்தி வேலை. முதலில் ரத்த வெள்ளையணுக்கள் குவிந்து கிருமிகளையும் செத்த திசுக்களையும் தின்று தீர்க்கின்றன. பிறகு நார்த்திசுச் செல்கள் வந்து கொலாஜன் என்னும் புரத இழைகளைப் பின்னுகின்றன. கூடவே புதிய நுண் ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. கட்டுப் போடும் நர்ஸ் 'நல்லா சிவப்பா சதை வளருது' என்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். அதன்மேல் ஓரங்களிலிருந்து தோல் செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடுகின்றன. மூடிய பின்னும் உள்ளே வேலை பல மாதங்கள் நடக்கிறது. முழுதாக முதிர்ந்த தழும்பும் பழைய தோலின் வலிமையில் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. வெள்ளையணு, கொலாஜன், குழாய்ச் சுவர், தோல் என்று இதில் எதை எடுத்தாலும் மூலப்பொருள் புரதத்தின் அமினோ அமிலங்கள்தான். கொலாஜனின் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி-யும் இரும்பும் வேண்டும். செல்கள் பெருகத் துத்தநாகம் வேண்டும். வைட்டமின் சி முற்றிலும் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1740-களில் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கப்பற்படையின் பயணப் பதிவு சாட்சி. ஸ்கர்வி கண்ட ஒரு மாலுமிக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போரில் பட்டு ஆறிப்போயிருந்த காயம் மறுபடியும் திறந்துகொண்டது. தழும்பைக்கூட உடம்பு நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கிறது; அதற்கும் சாப்பாடு வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் உடம்பில் இந்த மூலப்பொருள் மூன்று வழிகளில் ஒழுகுகிறது. இன்சுலின் போதாதபோது உடம்பு தசையைக் கரைத்து அதன் அமினோ அமிலங்களைச் சர்க்கரையாக மாற்றுகிறது. தொற்று இருந்தால் அந்தக் கரைவு இன்னும் வேகமாகும். நீர் கசியும் பெரிய புண்ணிலிருந்து கட்டுத்துணி வழியாகவும் புரதம் போகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் போகிறது. செலவு இப்படி ஏறும்போது வரவு என்ன? ஒரு நாள் பத்தியச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் ஒரு காபி, அதிலுள்ள பாலில் 3 கிராம் புரதம். இரண்டு இட்லியும் சட்னியும் சேர்த்து 5 கிராம். மதியம் ஒரு கிண்ணம் சோறு 5, ரசத்தில் 1, பொரியலில் 2. மாலை டீயும் இரண்டு பிஸ்கட்டும் 4. இரவு ஒரு டம்ளர் ரவைக் கஞ்சி 5. மொத்தம் ஏறக்குறைய 25 கிராம். புண்ணே இல்லாத 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 50 கிராம். எடைக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. சத்துக் குறைந்தவர்களின் படுக்கைப் புண்ணுக்கான சர்வதேச வழிகாட்டிகள் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை சொல்கின்றன. கால் புண்ணுக்கும் உணவியல் நிபுணர்கள் அதையொட்டியே கணக்கிடுகிறார்கள். அதாவது 75 கிராமுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டியவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. பத்தியம் இல்லாத நாளிலும் நம் தட்டு சோற்றின் பக்கமே சாய்ந்திருக்கிறது. இந்தியர்களின் உணவில் சுமார் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்தும் சுமார் 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது என்று, மேலே சொன்ன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வுத் தொடரில் 2025-ல் வெளியான கட்டுரை காட்டியது. ஏற்கெனவே மெலிந்த பக்கத்தைத்தான் பத்தியம் மேலும் வெட்டுகிறது.

இங்கே படித்த வாசகர் ஒரு வலுவான மறுப்பை எழுப்பலாம். சத்துணவு கொடுத்துக் கால் புண் ஆறியதாக ஆய்வுகள் நிரூபித்திருக்கின்றனவா? நேர்மையான பதில், பெரும்பாலும் இல்லை. 2004-ல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில் 53 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் தினமும் 400 கலோரி சத்துப்பானம் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. 2020-ல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 9 ஆய்வுகளை, 629 நோயாளிகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்துவிட்டு, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது. சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவோ, புண்ணை ஆற்றும் நோக்கத்தில் புரதம், வைட்டமின், தாது முதலிய கூடுதல் சத்துகளைக் கொடுக்க வேண்டாம் என்றே தன் வழிகாட்டியில் சொல்கிறது. இந்த ஆதாரங்களை ஒதுக்கிவிட்டு எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். ஆனால் அவை எதைச் சொல்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுகள் சோதித்தது பெரும்பாலும் வழக்கமான உணவுக்கு மேல் சேர்த்துக் கொடுத்த டப்பா, புட்டி, மாத்திரைகளை. நன்றாகச் சாப்பிடுபவருக்கு அதற்கு மேலும் கொடுத்தால் புண் வேகமாக ஆறும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சாப்பாட்டைப் பாதியாக்கினால் புண் பாதிக்கப்படாது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு தடயமும் உண்டு. 270 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், அமினோ அமிலங்கள் அடங்கிய பானம் ஒட்டுமொத்தமாகப் பலன் தரவில்லை. ஆனால் ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தவர்களிடமும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களிடமும் மட்டும் பார்த்தபோது கூடுதல் பேருக்குப் புண் ஆறியிருந்தது. பெரிய ஆய்வுக்குள் சிறு பிரிவைத் தனியே எடுத்துப் பார்த்த முடிவு என்பதால் இதைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் குறை உள்ளவருக்கு நிரப்புவதும், நிறைந்தவருக்கு மேலும் ஊற்றுவதும் வேறு வேறு காரியங்கள் என்பதை அது சுட்டிக்காட்டுகிறது.

குறை உள்ளவரை எப்படி அடையாளம் காண்பது? ரத்தத்தில் ஆல்புமின் பார்த்தால் போதும் என்ற எண்ணம் மருத்துவமனைகளிலும் பரவலாக இருக்கிறது. ஆனால் தொற்று கடுமையானால், நன்றாகச் சாப்பிடுபவருக்கும் ஆல்புமின் இறங்கும்; அழற்சியின்போது கல்லீரல் அதன் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒருவரைச் சத்துக் குறைந்தவர் என்றோ, எண் சரியாக இருப்பதால் குறையே இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. ஆல்புமினைவிட எளிய கேள்விகள் அதிகம் சொல்லும். சில மாதங்களாக எடை குறைந்திருக்கிறதா? வேட்டியோ பேண்ட்டோ இடுப்பில் நிற்கவில்லையா? தொடையும் புஜமும் இளைத்திருக்கின்றனவா? வழக்கமாகச் சாப்பிடுவதில் எவ்வளவு இறங்குகிறது? 'ஆள் குண்டாகத்தானே இருக்கிறார், அவருக்கென்ன சத்துக் குறை?' என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பில் கொழுப்பு மிகுந்திருக்கும்போதே தசை கரைந்திருக்கலாம். தொப்பை பெருத்தவருக்கும் வைட்டமின் குறைபாடு இருக்கலாம். புண் இருக்கும் நாளில் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கப் பார்த்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். எடையைக் குறைக்கப் புண் ஆறிய பின் காலம் இருக்கிறது.

நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா என்பது அடுத்த கேள்வி. நியாயமான அச்சம்தான், ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் வெள்ளையணுக்களின் கிருமி கொல்லும் திறன் குறைகிறது. ஆனால் கால் புண் வந்த பிறகு ஏறும் சர்க்கரைக்குப் பல நேரம் சாப்பாடு காரணம் இல்லை, தொற்றுதான். கிருமியோடு போராடும் உடம்பு அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் மீட்டரில் 300-ஐப் பார்த்துவிட்டு மேலும் இரண்டு இட்லியைக் குறைக்கிறார்கள். சர்க்கரை இறங்குவதில்லை, தசை கரைகிறது. பழைய அளவில் மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால், சாப்பிடாத இரவில் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழவும் நேரிடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மருத்துவரிடம் போய் மருந்தின் அளவை மாற்றுவது. பலருக்குச் சில வாரங்களுக்கு இன்சுலின் தேவைப்படும். இன்சுலின் சர்க்கரையை இறக்குவதோடு தசையின் கரைவையும் தடுக்கிறது. தட்டில் செய்ய வேண்டிய மாற்றமும் ஒன்று உண்டு. சோறு, ரவை, ரொட்டி ஆகியவற்றின் அளவைக் கட்டுப்படுத்திக்கொண்டு பருப்பு, முட்டை, மீன், சுண்டல் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, சர்க்கரைக்கு ஏற்ற தட்டும் புண்ணுக்கு ஏற்ற தட்டும் ஒன்றேதான். ரவைக் கஞ்சி இரண்டுக்குமே ஏற்றதன்று.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு சிறுநீரகத்தைப் பற்றியது. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குக் கிரியாட்டினின் உயர்ந்திருக்கும். 'புரதத்தைக் குறையுங்கள்' என்று எப்போதோ சொல்லியும் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாங்களாகவே 90 கிராம் புரதத்துக்குப் போகக் கூடாது. ஆனால் குறைப்பது என்றால் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் தேவைப்படாத சிறுநீரக நோயாளிகளுக்குச் சர்வதேச வழிகாட்டி சொல்வது கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 கிராம். மேலே பார்த்த பத்தியத் தட்டோ 25 கிராமில் நிற்கிறது. சிறுநீரகத்துக்காகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவில்கூட அது ஏறக்குறைய பாதிதான். டயாலிசிஸில் இருப்பவருக்குத் தேவை கூடிக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை ஆகிறது. எனவே சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பொட்டாசியம் கூடியவர் கீரை, இளநீர், வாழைப்பழம் ஆகியவற்றிலும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி பத்தியத்துக்கு வருவோம். பருப்பாலும் முட்டையாலும் சீழ் வைப்பதில்லை. சீழ் என்பது கிருமியோடு போராடிச் செத்த வெள்ளையணுக்களின் குவியல். அதைக் கொண்டுவருவது கிருமி. மீனோ கத்தரிக்காயோ சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பது உண்மை. அப்படித் தடிப்பும் அரிப்பும் வந்த அனுபவம் உள்ளவர் அந்த ஒன்றை மட்டும் விலக்கினால் போதும். கருவாட்டையும் ஊறுகாயையும் உப்புக்காகக் குறைக்கச் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஒருவருடைய ஒவ்வாமையை எல்லோருக்குமான விதியாக்கியதுதான் தவறு. அதே மரபில்தான் நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன; அவற்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடலாம். வைட்டமின் சி-க்கு விலை உயர்ந்த மாத்திரை தேவையில்லை. 100 கிராம் கொய்யாவிலேயே ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. வைட்டமின் சி, துத்தநாகம் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. ஆனால் சிட்னியில் நடந்த வைட்டமின் சி ஆய்வில் பங்கேற்றவர்கள் 16 பேர்தான். அதை வைத்து எல்லோருக்கும் மாத்திரை எழுத முடியாது. துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம். கவனிக்க வேண்டிய சத்து ஒன்று உண்டு: பி12. பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களுக்கு, அது குறைந்து நரம்புப் பாதிப்பை மோசமாக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் மலிவு.

செலவு அதிகமாகுமே என்பது கடைசித் தடை. பத்தியத் தட்டோடு இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8, கெட்டிப் பருப்பு இரண்டு கரண்டி 6, ஒரு பெரிய கிண்ணம் தயிர் 6. இதிலேயே 25 கிராம் 57 ஆகிவிடும். 100 கிராம் மத்தியோ அயிலையோ சேர்ந்தால் 75-ஐத் தொடும். மீனும் முட்டையும் சாப்பிடாதவருக்குச் சோயா, பனீர், பயறு, வேர்க்கடலை இருக்கின்றன. மருந்துக்கடையில் புரதப் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் பணம் முட்டைக்கும் பயறுக்கும் தாராளமாகப் போதும். சாப்பாடு இறங்கவே இறங்காதவர், பல் இல்லாதவர், அறுவைக்குப் பின் தேறி வருபவர் ஆகியோருக்கு மருத்துவர் எழுதினால் மட்டும் பவுடர் உதவும்.

மருத்துவத் துறைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கால் புண்ணுக்கு எழுதும் சீட்டில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, கட்டுப் போடும் நாள் இருக்கிறது. 'டயட் கன்ட்ரோல்' என்ற இரண்டு சொல்லும் இருக்கிறது. எதைக் குறைக்க வேண்டும் என்பதோடு எதைக் குறைக்கவே கூடாது என்றும் அதில் எழுத வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் களப்பணியாளர்கள், பாதத்தை ஒரு முறை பார்த்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் பல புண்கள் முன்கூட்டியே தெரியவரும். குடும்பத்தாரே, நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் ஸ்கேலால் அளந்து குறித்துவையுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகாத புண், மூன்று மாதத்திலும் ஆறும் வாய்ப்புக் குறைவு. சிகிச்சையை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். நாற்றம், கறுப்பு, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கிடையில் பத்தியம் என்ற பெயரில் நோயாளியைப் பட்டினி போடாதீர்கள்.